பூமிநாதனுக்குத் துக்கம் விசாரிக்க

நாப்பது நிமிஷம் கண்ணைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருச்சு நர்ஸ் பொண்ணு. ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்து விட்டு, கையில ஒரு பஞ்சைத் திணிச்சு, கண்ணு பாப்பா விரியணும் சார், அப்பத்தான் டாக்டர் உள்ள பாக்க முடியும், அதுவரைக்கும் சும்மா உக்காருங்கன்னுச்சு. சும்மா உக்காரணுமாம். எனக்கு வராத ஒரே வேலை அதுதான். எரியுது. இமைக்குள்ள செக்கச்செவேல்னு இருக்கு. பக்கத்துல உமையாள், என் பொண்டாட்டி, என் செல்போன், கண்ணாடி, ஃபைல் மூணையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ வளையல் சத்தத்தை வச்சுத்தான் எந்தப் பக்கம் இருக்கான்னு தெரியுது. எதிர்ல யாரோ ஒரு பெரியவர் இருமறார். டோக்கன் நம்பர் கூப்பிடறாங்க, முப்பத்தாறு, முப்பத்தேழு, என்னுது நாப்பத்தொம்பது. மணி பதினொண்ணு ஆயிருக்கும். பன்னெண்டுக்குள்ள நான் போன்ல ஒரு பட்டனை அமுக்கணும், இல்லாட்டி ஏன் அமுக்கலைன்னு எழுதணும். பழைய முப்பத்திரண்டு பிட் கம்ப்யூட்டரை எல்லாம் செவிவழி கைவிடப் போகுதா இல்லையாங்கறது அந்தப் பட்டன்ல இருக்கு. இப்படி ஒரு நாள்லயா கண்ணுக்கு மருந்து விட வருவான் மனுஷன். உமையாள்தான் டோக்கன் போட்டா, பத்து நாளா தலைவலிங்கறீங்க, எந்திரிங்கன்னு இழுத்துட்டு வந்துட்டா. தலைவலிக்குக் காரணம் கண்ணு இல்லடின்னு அவகிட்ட எப்படிச் சொல்றது. காரணம் பொறாமை. வாய் விட்டுச் சொல்ல முடியுமா அதை, நாப்பத்தேழு வயசுல.

செவிவழின்னா கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில இருக்கற தமிழை வாசிச்சுக் காட்டற மென்பொருள். காசு கிடையாது, யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா உள்ள புகுந்து திருத்தலாம். பதினாறு வருஷத்துக்கு முன்னாடி அதை ஆரம்பிச்சது நான். நான்னா நான் மட்டும்தான், நாகப்பன், பாலிடெக்னிக்ல லேப் டெக்னீஷியன், கூட ஒரு ஈ காக்கா கிடையாது. அப்ப எங்க லேப்ல இருந்ததெல்லாம் டப்பா மாதிரி மெஷின். அதுல ஓடணும்னா குரல் ரொம்பச் சின்னதா இருக்கணும். அதனால ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி, ஃபேனை அமத்தி, சட்டையெல்லாம் நனைய நானே உக்காந்து க, கா, கி, கீன்னு ஆயிரத்துச் சொச்சம் ஒலியைப் பேசிப் பதிஞ்சேன். அதை வெட்டி வெட்டி ஒட்டினா வார்த்தை வரும். தூத்துக்குடியில, வேலூர்ல, எங்கெங்கயோ முகம் தெரியாத ஆளுங்க வீட்டுல என் குரல் பேப்பர் படிச்சுது, பாடம் சொல்லிக் குடுத்துச்சு. ஒருத்தர் போன் பண்ணி நான் ஹலோன்னதும், அட, கம்ப்யூட்டர் பேசுதுன்னு சிரிச்சார். அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை, அம்புட்டு சந்தோஷம். அந்தப் பழைய மெஷின்லதான் இப்பவும் என் குரல் ஓடுது. புது மெஷின்ல வேற குரல். பழசைக் கைவிட்டா நான் பேசின ஒலியெல்லாம் இருக்கற ஃபோல்டரையே எடுத்துருவாங்க, என் குரலும் அதோட போயிரும். இதை யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. ஏழைங்க கிட்ட இருக்கறது பழைய மெஷின்தான், அவங்களைக் கைவிடலாமான்னுதான் மீட்டிங்ல பேசுவேன். அது பொய்யில்ல. ஆனா முழுசா நெசமும் இல்ல.

விதியும் நான் எழுதினதுதான். எந்தப் பழைய மெஷினா இருந்தாலும் அதை வச்சிருக்கற ஆள் ஒருத்தர் மிச்சம் இருக்கற வரைக்கும் கைவிடக் கூடாது. வருஷா வருஷம் பொங்கல் கழிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு மெயில் போகும், உங்க மெஷின் என்ன, ஓடுதா, ஒரு வரி எழுதுங்கன்னு. எங்களுக்குள்ள அதுக்குப் பேரு ஆளெண்ணுறது. பழைய மெஷினுக்கு முதல்ல நாப்பத்தோரு பேர் எழுதினாங்க. அப்புறம் பதினேழு. அப்புறம் ஆறு. அப்புறம் ரெண்டு. மூணு வருஷம் முன்னாடி பொங்கல் போச்சு, மாசி போச்சு, ஒருத்தரும் எழுதலை. தினம் பத்து தடவை மெயிலைப் பாத்தேன். யாராவது ஒருத்தன் இருப்பான்யா, எழுதச் சோம்பேறித்தனமா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கணக்கு முடிக்கற கடைசி நாள் லேப்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸை மூடிட்டு ஒரு புது மெயில் முகவரி உண்டாக்கினேன். பேரு பூமிநாதன். ஊரு காளையார்கோவில், தேரடி பக்கம். ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார், பார்வை கிடையாது, வயசு எழுவத்தொண்ணு, மெஷின் பழசு. செவிவழி நன்றாக ஓடுகிறதுன்னு ஒரே ஒரு வரி. அதுலகூட ஒரு நியாயம் வச்சிருந்தேன், ஸ்டோர் ரூம்ல கிடந்த பழைய மெஷினைத் தூசி தட்டி, போட்டுப் பாத்து, ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் எழுதினேன். ஓடுச்சு. ஆளுதான் இல்ல. பட்டியல்ல ஒண்ணுன்னு ஏறிருச்சு. அதோட விட்டிருக்கலாம். விட விட்டாளா அந்த சுகிர்தா.

சுகிர்தா ஈரோட்டுப் பொண்ணு, பெங்களூர்ல வேலை, இருபத்தேழு வயசு. நாலு வருஷம் முன்னாடி ஒரு சின்னத் திருத்தம் அனுப்பிச்சா, இப்ப செவிவழியே அவ கையிலதான். யாரும் தூக்கிக் குடுக்கலை, வேலை செஞ்சு செஞ்சு அவ கைக்குப் போயிருச்சு. புதுக் குரல் அவ செஞ்சது. மொத தடவை கேட்டப்ப எனக்கு வயிறு கபகபன்னு எரிஞ்சுது, இந்த மருந்தெல்லாம் என்ன எரிச்சல். அப்படி ஒரு குரல். கேள்வின்னா கேள்வி மாதிரி கேக்குது, கமா வந்தா நிக்குது, நம்ம வீட்டு ஆளு வாசிக்கற மாதிரி இருக்கு. என்னுது அதுக்கு முன்னாடி ரேஷன் கடையில பேர் கூப்பிடற மாதிரி இருந்துச்சு. நல்லாருக்கும்மான்னு எழுதினேன். நன்றி சார்னு பதில் வந்துச்சு. நான் எது எழுதினாலும் அவகிட்ட இருந்து வர்றது அதுதான், நன்றி சார், பாக்கறேன் சார், சரி சார். மரியாதை, ரொம்ப மரியாதை, சாமி படத்துக்குப் பூ வைக்கற மாதிரி ஒரு மரியாதை. ஒவ்வொரு பதிப்பு வெளிய விடறப்பவும் அவளும் இன்னும் நாலு பேரும் ரெண்டு நாள் உக்காந்து பழைய மெஷினுக்காகத் தனியா வேலை பாக்கணும். பழசுல ஓடாதுங்கறதுக்காகப் புதுசா எழுதி வச்சதெல்லாம் அப்படியே கிடக்கு. தூத்துக்குடியில ஒரு பொண்ணு பேங்க் பரீட்சைக்குப் படிக்குது, அட்டவணை வந்தா செவிவழி திணறுது, எப்ப சரி பண்ணுவீங்கன்னு ஒன்பது மாசமாக் கேக்குது. கேக்கறப்பல்லாம் சுகிர்தா ஒரே பதில் சொல்றா, காளையார்கோவில்ல ஒரு ஐயா இருக்காரு, அவரை விட்டுட்டு வர முடியாதுன்னு.

அவ பூமிநாதனுக்குத் தனியா ஒரு மெயில் போட்டா. ஐயா, நீங்க ஒருத்தர்தான் அந்த மெஷின்ல இருக்கீங்க, உங்களுக்கு என்ன கஷ்டம் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமான்னு. ரெண்டு வரியில முடிச்சிருக்கணும் நான். என்னமோ அன்னிக்கு மழை, லேப்ல கரண்ட் இல்ல, போன்லயே எழுத ஆரம்பிச்சேன். பாட்டு வாத்தியார் எப்படிப் பேசுவாரோ அப்படி. எழுத எழுத வந்துச்சு. அம்மா, உன் புதுக் குரலை என் தங்கச்சி மகன் போன்ல கேட்டேன், மூச்சே விடாம பேசுது, அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுன்னு எழுதினேன். பழைய குரல்ல அந்த ஆளு நடுவுல எச்சில் முழுங்கறது கேக்கும், அதைக் கேட்டாத்தான் எதிர்ல மனுஷன் உக்காந்திருக்கான்னு எனக்குத் தைரியம் வருதுன்னு எழுதினேன். அவ என்ன பண்ணா தெரியுமா, என் ஆயிரத்துச் சொச்சம் ஒலியையும் ஒண்ணொண்ணாக் கேட்டு அந்த எச்சில் முழுங்கற இடத்தைக் கண்டுபிடிச்சுட்டா. ஐயா, கிடைச்சிருச்சு, ஙௌ பக்கத்துல இருக்குன்னு எழுதி, ஒரு பக்கத்துக்குச் சந்தோஷப்பட்டிருந்தா. பதினாறு வருஷத்துல என் குரலை அப்படி யாரும் கேட்டதில்ல. அவ கேட்டா, ஆனா எனக்காகக் கேக்கலை. அதுதான் உறுத்துது. அந்த எச்சில் விஷயத்தை ஆடி மாச மீட்டிங்ல என் வாயால நானே சொல்லியிருந்தேன். யாரோ மைக்கை அமத்த மறந்து குக்கர் விசில் அடிச்சுது, அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. ஆவணியில அதையே சுகிர்தா, பூமிநாதன் ஐயா ஒண்ணு எழுதியிருக்காருன்னு வாசிச்சா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. என்னமா சொல்லியிருக்காருய்யான்னான் ஒருத்தன். நானும் சிரிச்சேன். ரெண்டு வருஷமா அவ அந்தாளுக்கு எழுதறா. ஆபீஸ்ல திட்டு வாங்கினது, அவங்கப்பாவோட பேசாம இருக்கறது, மெஸ் சாம்பார், எல்லாம். எனக்குச் சரி சார். வேற மாதிரி எண்ணம்லாம் எனக்குக் கிடையாது, அதை நானே என்னைக் குடைஞ்சு குடைஞ்சு பாத்துட்டேன், கிடையாது. நல்லா எழுதறவன் ஒருத்தன் இருக்கான், அவனை ஒருத்தி மதிக்கறா, அவன் பேரு நாகப்பன் இல்ல. அம்புட்டுத்தான் விஷயம். அம்புட்டுக்கு இம்புட்டு எரிச்சல்.

அதனாலதான் கொன்னேன். போன ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல அவ சொன்னா, இந்த வேலையில இன்னும் நான் இருக்கேன்னா அது பூமிநாதன் ஐயா மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான்னு. நான் அந்த மீட்டிங்ல இருக்கேன். ஆரம்பிச்சவன் நான் இருக்கேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நீ போயிருடாப்பான்னு. என் குரலும் சேந்து போகும்னு தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன், எப்படிப் புத்தி போயிருக்கு பாரு. செவ்வாய்க்கிழமை மதியம் அதே டிபன் பாக்ஸை மூடிட்டு, மகன் எழுதற மாதிரி எழுதினேன். அப்பா ஞாயிறு அன்று தூக்கத்திலேயே காலமாகிவிட்டார், கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டோம், இனி மெயில் வேண்டாம். தூக்கத்துலன்னு போட்டேன், கஷ்டப்படுத்த வேண்டாம்னு. அனுப்பிட்டுக் கை கழுவப் போனேன். அப்புறம் ஒரு நிம்மதி. இனிமே அவ என்கிட்டத்தானே பேசணும்னு ஒரு அல்ப சந்தோஷம். மத்த நாலு பேரும் உடனே எழுதிட்டாங்க, வருந்துகிறோம், விதிப்படி ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் புதுப் பதிப்பு, பழசை எடுத்துரலாம், நாகப்பன் சார் சம்மதம் மட்டும் பாக்கின்னு. அந்த ஃபோல்டர் என் பேர்ல இருக்கறதால நான் பட்டனை அமுக்கினாத்தான் நடக்கும். சுகிர்தாகிட்ட இருந்து மட்டும் ஒரு வரியும் இல்ல. சரி சார்கூட இல்ல.

போன் டொய்ங்னுச்சு. உடனே இன்னொரு டொய்ங். யாருன்னு பாருன்னேன். உமையாள் கண்ணாடியை மாத்திப் போட்டுக்கிட்டா, அந்தச் சத்தமும் கேட்டுச்சு. சுகிர்தான்னு போட்டிருக்குங்கன்னா. வாசி. அவ வாசிப்பு எப்பவும் நிறுத்தி நிறுத்தித்தான். பூமிநாதன் ஐயா இறந்துட்டாருன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு வேலை ஓடலை, மெயில்ல ஆறுதல் எழுத மனசு வரலை, லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன், மதுரையில தொண்டி பஸ் ஏறினேன், சிவகங்கை நெருங்குது, காளையார்கோவில்ல இறங்கித் தேரடியில விசாரிச்சா வீடு தெரிஞ்சிரும். நான் பஞ்சைக் கீழ போட்டுட்டேன். துக்கம். துக்கம் விசாரிக்க வர்றா. சாவுன்னு ஒண்ணைச் சொன்னா நம்ம ஊர்ல மனுஷங்க கிளம்பி வருவாங்கன்னு இந்த மரமண்டைக்குத் தோணவே இல்லையே. புரோகிராம்ல எந்த வரியில தப்பு வரும்னு பதினாறு வருஷமாத் தேடினவன், இதை யோசிக்கலையே. உமையாள் நிறுத்தாம வாசிக்கறா. பழைய மெஷினை இப்ப எடுக்க வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். அந்தப் பழைய குரலுக்கு நாம பேரே வைக்கலை, பூமிநாதன்னு வைக்கலாம்னு நினைக்கறேன், அவர் அளவுக்கு அதை நேசிச்சவங்க யாரும் இல்லை. நாகப்பன் சார், நீங்க காரைக்குடிதானே, பக்கம்தான், வர முடிஞ்சா நல்லா இருக்கும், உங்க குரலைத்தான் அவர் கேட்டுக்கிட்டு இருந்தார்.

பாவங்க, என்னங்க நீங்க சொல்லவே இல்லைன்னா உமையாள். போகாம இருந்தா நல்லாவா இருக்கும், ரெண்டு மணிக்குக் கண்ணு தெளிஞ்சிரும், பஸ்ல போனா ஒரு மணி நேரம், மாலை வாங்கிட்டுப் போவோம்னு அவ பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கா. அவளுக்குச் சாவுன்னா போகணும், அம்புட்டுத்தான். எனக்குக் காதுல ஒண்ணும் ஏறலை. பூமிநாதன்னு பேரு வைக்கப் போறாங்க என் குரலுக்கு. என் தொண்டை, என் வேர்வை, என் எச்சில், பேரு அவன் பேரு. வாயை மூடிட்டு இருந்தா ஒரு வருஷம் என் குரல் ஓடும், யார் கண்டா, பேரு வச்சப்புறம் யாரும் எடுக்கவே மாட்டாங்க, நினைவுச் சின்னம் மாதிரி நின்னுரும். வாயை மூடிட்டு இருந்தாப் போதும். அந்தப் பொண்ணு தேரடியில நாலு பேரைக் கேக்கும், பாட்டு வாத்தியாரான்னு முழிப்பாங்க, வீடு மாறிப் போயிட்டாங்க போலன்னு திரும்பிரும். திரும்பிருமா. அது எச்சில் சத்தத்தைத் தேடிக் கண்டுபிடிச்ச பொண்ணு, வீடு வீடாத் தட்டும். வெயில்ல. தூத்துக்குடிப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் அட்டவணை வராது, பரீட்சை போயிரும். நான் செத்தா இவ லீவு போட்டு வருவாளா. வர மாட்டா. ஆழ்ந்த இரங்கல்னு நாலு பேரும் ஒரே வரியைப் போடுவாங்க, இவ சரி சார்ங்கற மாதிரி ஒரு வரி போடுவா. பொறக்காதவனுக்குப் பஸ் ஏறி வர்றா. பொறக்காதவனுக்கு.

ஏங்க, ரெண்டாவது வந்த மெயிலு உங்களுக்கு இல்லங்க, பூமிநாதன்னு போட்டிருக்குன்னா உமையாள். பூமிநாதன் மகனுக்கு, இன்னிக்கு வீட்டுக்கு வர்றேன்னு எழுதிருக்கு. செத்தவரு லெட்டரு உங்க போன்ல எப்படிங்க வருது? வளையல் சத்தம் நின்னுருச்சு. எதிர்ல பெரியவர் இருமறார், நாப்பத்திரண்டுன்னு கூப்பிடறாங்க. இருவத்திரண்டு வருஷமா என்னோட இருக்கறவ, அவளுக்கு ரொம்ப நேரம் ஆகலை. ஏங்கன்னா மறுபடியும், இந்தத் தடவை மெதுவா. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் குடுன்னேன். குடுத்தா. காதுல வச்சா பஸ் சத்தம் கொட்டுது, பின்னால ஏதோ பழைய பாட்டு.

"வர்றீங்களா சார்?"ன்னா.

"சிவகங்கையிலயே இறங்கிரும்மா. காளையார்கோவில்ல அப்படி யாரும் கிடையாது. பூமிநாதன் நான்தான்."

பஸ்ஸு எங்கயோ நின்னு, கண்டக்டர் விசில் அடிச்சு, மறுபடி கிளம்புச்சு. அப்புறம் ஒண்ணொண்ணாக் கேட்டா, ஆபீசர் கேக்கற மாதிரி. இந்த வருஷம் ஆளெண்ணினப்ப எழுதினது? நான்தான். போன வருஷம்? நான்தான். இறந்துட்டார்னு எழுதின மகன்? அதுவும் நான்தாம்மா. ஆபீஸ்ல எல்லாரும் பாக்க அழுதேன் சார்னா. எங்கப்பாகூட ரெண்டு வருஷம் கழிச்சு நேத்துப் பேசினேன், அந்த ஐயா செத்துட்டாருங்கறதுக்காகன்னா. நான் புறங்கையால கண்ணைத் தொடச்சேன், மருந்துதான் அது, பாதி மருந்து. அந்த எச்சில் முழுங்கறதைப் பத்தி எழுதினதும் பொய்யா சார்னு கேட்டா. அது நெசம்மா, அதை யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சுன்னேன்.

"உங்க பேர்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னேன்மா. ஆடி மாச மீட்டிங்ல சொன்னேன்."

யோசிக்கறா, ஞாபகம் வரலை அவளுக்கு, வராதுன்னு எனக்குத் தெரியும். நான் ஏதோ பெரிய மனசு பண்ணி உண்மையைச் சொல்றேன்னு நினைச்சுக்காத, அவன் பேரை என் குரலுக்கு வைக்கறது தாங்கலை, அதான் சொல்றேன்னு சொல்லணும்னு இருந்துச்சு. அதையும் சொல்லிட்டேன், நெசமாவே, ஆஸ்பத்திரியில நாலு பேர் உக்காந்திருக்கற இடத்துல, கண்ணை மூடிக்கிட்டு. பழைய மெஷின் கணக்குல பூஜ்யம்னு போட்டுக்கறேன் சார், மிச்சம் உங்க இஷ்டம்னா. வச்சுட்டா.

போனை உமையாள் பக்கம் நீட்டினேன். செவிவழி பக்கத்தைத் திற, என் பேருக்கு நேரா பச்சையா ஒரு பட்டன் இருக்கும்னேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கேன்னு தேடினா. இதை அமுக்கினா என்னங்க ஆகும்னு கேட்டா. பழைய குரலை எடுத்துருவாங்கன்னேன். உங்க குரலான்னா. ஆமான்னேன். வேண்டாம்னு சொல்வாளோன்னு நான் எதிர்பாத்தேன்தான், பொய் சொல்ல மாட்டேன். அமுக்கிட்டேங்கன்னா. ஒரு சத்தமும் வரலை. ஆயிரத்துச் சொச்சம் ஒலி. ஸ்டோர் ரூம் வெக்கை. நான் எச்சிலை முழுங்கினேன். ரேஷன் கடைக் குரல்தானே, போகட்டும். தூத்துக்குடிப் பொண்ணுக்கு அட்டவணை வாசிக்கட்டும் அந்தப் புதுக் குரல், நல்ல குரல், பாழாப் போன நல்ல குரல்.

மறுபடி டொய்ங். எனக்கா? இல்லங்க, அவருக்கு. உமையாள் அவருக்குன்னுதான் சொன்னா. ஐயா, சிவகங்கையில இறங்கிட்டேன், திரும்பற பஸ்ஸுக்கு நிக்கறேன், உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம்னு எழுதியிருக்காளாம் சுகிர்தா. பாரு. இவ்வளவுக்கும் அப்புறம் கோவத்தைக்கூட அவன்கிட்டத்தான் காட்டறா. ஒரு திட்டுகூட எனக்கு வரலை. அதுக்குப் பதில் போடணுமான்னு உமையாள் கேப்பான்னு இருந்தேன். கேக்கலை. அப்ப இத்தனை நாளா அந்தப் புள்ளைக்கு நீங்க லெட்டர் எழுதிருக்கீங்க, எனக்கு ஒண்ணு எழுதினதில்லைன்னா. கோவமான்னு அவ குரலை வச்சுக் கண்டுபிடிக்க முடியலை, கண்ணு வேணும் அதுக்கு. எழுதினது நான் இல்லன்னு சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. நாப்பத்தஞ்சுன்னு கூப்பிட்டாங்க. விரல் திரையில தேய்க்கற சத்தம் லேசாக் கேட்டுச்சு, மேல, மேல, பழைய மெயிலுக்கெல்லாம் போறா. என்ன பண்றடின்னேன். எதிர்ல இருந்த பெரியவர் டோக்கன் வந்து எந்திரிச்சுப் போனார். அப்ப உமையாள் சிரிச்சா. மூக்கு வழியா, அடக்கி, அப்புறம் அடக்க முடியாம. இவ இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு, நான் சொன்ன எதுக்கும் இவ இப்படிச் சிரிச்சதே இல்ல. எந்த இடம்னு கேட்டேன். இருங்க, சும்மா இருங்க, படிச்சுக்கறேன்னா.